பிராங்கிளின் கணக்கிட்ட ஓய்வின் விலை

ஓய்வுக்கு விலை உண்டா? அமெரிக்கா பிரித்தானியரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், பிலடெல்பியா நகரத்து அச்சகத்தார் பெஞ்சமின் பிராங்கிளின் இவ்வினாவுக்கு விடை கண்டார். 1748ஆம் ஆண்டில், இளம் வணிகன் ஒருவனுக்கு அறிவுரையாக அவர் வரைந்த சிறு கட்டுரையில் ஒரு கணக்கு வருகின்றது. நாளொன்றுக்கு 10 சிலிங் உழைக்கவல்ல ஒருவன் அரைநாளைச் சோம்பிக் கழிக்கின்றான். பொழுதுபோக்குக்கு அவன் செலவிட்டது 6 பென்ஸ் மட்டுமே. ஆயினும், அவ்வரைநாளில் உழைத்திருக்கக்கூடிய 5 சிலிங்கையும் அவன் இழந்தவனாகின்றான். பையிலிருந்து போனதை எண்ணியவன், பைக்கு வாராததை எண்ணவில்லை.

ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த வாய்ப்பின் பெறுமதியைப் பொருளியலார் அமையச் செலவு என்பர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரியப் பொருளியலறிஞர்கள் கோட்பாடாக வகுத்த இக்கருத்தை, பிராங்கிளின் தம் தொழில் அநுபவத்திலேயே கண்டுகொண்டார்.

இக்கணக்கை மட்டும் படிப்போர், அவர் ஓயாது பொருளீட்டியவர் என்றே கருதுவர். அவரது வாழ்க்கையோ வேறு கதை கூறுகின்றது. அதே 1748ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தமது 42ஆம் வயதில், அச்சகப் பொறுப்பைப் பங்காளி டேவிட் ஹோலிடம் ஒப்படைத்து, அன்றாடத் தொழிலினின்றும் அவர் விலகினார். 18 ஆண்டுகளுக்கு இலாபத்திற் பாதி அவருக்கென ஏற்பாடாயிற்று. மறுபாதியைக் கொடுத்து அவர் பெற்றது நேரம். அந்நேரத்தில் வளர்ந்த மின்னியல் ஆய்வுகள் 1751இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. மின்னல் மின்சாரமே என்னும் அவரது கருத்து, 1752இல் பிரான்சில் பரிசோதனையால் மெய்ப்பிக்கப்பட்டது. இடிதாங்கியும் அவ்வாய்வின் பயனே. அச்சகத்திலேயே அவர் அமர்ந்திருந்தால், இவையனைத்தும் அவ்வுழைப்பின் அமையச் செலவாகியிருக்கும்.

ஆகவே, இத்தராசுக்குத் தட்டுக்கள் இரண்டு. ஓய்வின் விலை இழந்த கூலியென்றால், உழைப்பின் விலை இழந்த ஓய்வாகும்; அவ்வோய்வில் முளைத்திருக்கக்கூடிய கல்வியும் குடும்ப இன்பமும் ஆகும்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. அக்காலப் பிலடெல்பியாவில் அடிமைகளும் ஒப்பந்தப் பணியாட்களும் வாழ்ந்தனர். பிராங்கிளின் இல்லத்திலும் அடிமைகள் இருந்தனர். அவர்களுடைய நேரம் அவர்களுக்கு உரியதாயிருக்கவில்லை; எனவே தெரிவும் அவர்களுக்கு இருக்கவில்லை. தம் பொழுதைத் தாமே ஆள்வோர்க்கன்றி இக்கணக்கு உதவாது. மாலைப் பொழுதொன்றைக் கூலிக்கு விற்பதா, தமக்கென வைத்துக்கொள்வதா எனத் தெரிவுசெய்யும் உரிமை நேயர்களாகிய உங்களுக்கு இருக்குமாயின், இரு தட்டுக்களையும் நிறுத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.