அரக்கிலிருந்து செராமிக் வரை

புது கார் புக் செய்யும் எல்லோரும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். விலை பேசி, இன்ஷூரன்ஸ் முடிந்து, பேனாவை மூடப்போகும் நேரத்தில் சேல்ஸ்மேன் பளபளவென்று ஒரு அட்டையை நீட்டுவார். பெயிண்டுக்குப் பாதுகாப்பாக செராமிக் கோட்டிங். கார் லோன் ஃபைல்கள் என் மேஜை வழியாகப் போவதால், எத்தனை பேர் யோசிக்காமல் தலையாட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த வியாபாரம் நேற்று முளைத்ததல்ல, நூறு வருஷக் கதை. கதை தெரிந்தால் அட்டையில் எதைப் பார்க்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதல் கார்களுக்கு அடித்தது குதிரை வண்டி பெயிண்ட்தான். ஆளிவிதை எண்ணெயும் பிசினும் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷ். பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கருப்பு ஒன்றில்தான் வந்தது. அந்த நேரத்தில் டூபாண்ட் கம்பெனி 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. 1924 மாடல் ஓக்லண்ட் கார் அதில் நீல நிறத்தில் இறங்கியது. ஸ்ப்ரேயில் அடிக்கலாம், சீக்கிரம் காயும், விதவிதமாக நிறம் கிடைக்கும். இன்றைக்கும் பீரோவுக்கும் கட்டிலுக்கும் 'டூகோ பெயிண்ட்' என்கிறோமே, அந்தப் பெயர் இதுதான்.

நான் குப்பை கொட்டுவது ராஞ்சியில். இந்த ஊரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. லாக்கர் என்ற சொல்லின் வேர் 'லாக்', அதாவது நம்ம அரக்கு. பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டிய மாளிகையின் அரக்கு, வங்கியில் பணப்பைக்கு சீல் வைக்க உருக்கிய அரக்கு, அதே சமாசாரம்தான். ஒரு சின்னப் பூச்சி மரக்கிளையில் விட்டுவைக்கும் பிசின். ஜார்கண்ட் கிராமங்களில் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் வளர்க்கிறார்கள். இங்கே நாம்குமில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் 1924-ல் தொடங்கியது. அதே சமயத்தில் அமெரிக்க ரோட்டில், ஒரு சொட்டு அரக்குகூட இல்லாத 'லாக்கர்' கார்கள் ஓட ஆரம்பித்துவிட்டன! பெயர் போனது, சரக்கு போகவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

டூகோ வெயிலில் மங்கும். தேய்த்து மெழுகு போட்டால்தான் பளபளப்பு திரும்பும். அப்படித்தான் கார் மெழுகு வியாபாரம் கொழுத்தது. மெழுகில் ராஜா கார்னாபா, வடகிழக்கு பிரேசிலில் ஒரு பனை ஓலையிலிருந்து எடுப்பது. 1935-ல் அமெரிக்க மெழுகுக் கம்பெனி முதலாளி ஜான்சன், அந்தப் பனையைத் தேடி விஸ்கான்சினிலிருந்து ஃபோர்டலேசா வரை சொந்த விமானத்தில் பறந்திருக்கிறார். இயற்கை மெழுகுகளில் அவ்வளவு கடினமானது வேறில்லை, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனாலும் நம்ம ஊர் வெயிலுக்கும் ஷாம்புவுக்கும் சில வாரங்கள்தான் தாங்கும்.

இரண்டாம் உலகப்போரை ஒட்டி சிலிக்கோன் வந்தது. மெழுகுக்குப் பதில் பாலிமர், அதாவது இன்றைய 'சீலண்ட்'. மாதக்கணக்கில் நிற்கும். டிங்கரிங் கடைக்காரருக்கு மட்டும் பிடிக்காது. சிலிக்கோன் மிச்சமிருந்தால் புதுப் பெயிண்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி குழி விழும்.

அடுத்தது டெஃப்லான். 2000-களில் நம் நாட்டு ஷோரூம்களில் இதுதான் மந்திரச் சொல். 1938-ல் டூபாண்ட் ஆய்வகத்தில் பிளங்கெட் கண்டுபிடித்த பொருள். தோசைக்கல்லில் அது பிடிக்க, 300 டிகிரிக்கு மேல் சுடவேண்டும். கார் பானெட்டை அப்படிச் சுட்டால் பெயிண்டே மிஞ்சாது :-) கார் மெழுகில் டெஃப்லான் சேர்ப்பதால் பலன் இல்லை என்று டூபாண்டே சொல்லியும் விற்பனை நிற்கவில்லை. மறுபடி பெயர் வந்தது, சரக்கு வரவில்லை.

இதற்கிடையில் பெயிண்டே மாறிவிட்டது. 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடரின் பழைய வண்டியை பாலிஷ் போட்டால் துணியில் கார் கலரே வரும். 1980-களில் உலகமெங்கும் பரவிய முறையில், கலருக்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 40, 50 மைக்ரான். வெயிலை வாங்கிக்கொள்வது அதுதான். நாம் மேலே போடும் எதுவும் அந்தக் கிளியர் கோட்டுக்குக் காவல்காரன், அவ்வளவே.

செராமிக்கின் அடிப்படை சிலிக்கா. பொய் இல்லை, வேலை செய்கிறது. நன்றாகப் போட்டால் இரண்டு மூன்று வருஷம் தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கும். ஆனால் கனம் ஒன்றிரண்டு மைக்ரான். அட்டையில் பெரிதாகப் போடும் '9எச்' பென்சில் கீறல் சோதனையின் அளவு, வைரத்தோடு ஒப்பிடும் அளவு அல்ல. லாரி டயர் தெறிக்கும் கல்லை அது தடுக்காது. அதற்கு பாலியூரித்தேன் ஃபிலிம் வேண்டும், வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க வந்த வகை. 150 மைக்ரானுக்குக் குறையாது, விலையும் அப்படி.

இனி என் தொழில் கணக்கு. 25,000 ரூபாய் கோட்டிங்கை லோனில் சேர்த்தால், 9 சதவீத வட்டியில் 7 வருஷத்துக்கு மாதம் சுமார் 402 ரூபாய். மொத்தம் 33,800-ஐ நெருங்கும். கோட்டிங் மூன்றாம் வருஷம் போய்விடும், தவணை ஏழாம் வருஷம் வரை ஓடும். தெருவில் நிறுத்தி, வாட்ச்மேன் பழைய துணியால் துடைக்கும் காருக்கு, நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை நாமே பூசும் சாதாரண சீலண்ட் போதும் என்பது என் கட்சி. செராமிக்தான் வேண்டுமென்றால் லோனுக்கு வெளியே கையிலிருந்து கொடுங்கள். போடுமுன் கீறல்களை பாலிஷ் செய்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கீறல் அப்படியே உள்ளே மாட்டிக்கொள்ளும். வாரண்டி நிலைக்க எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சர்வீசுக்கு வரவேண்டும், அதற்குத் தனிக் காசா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

காரின் அடிவயிற்றில் அடிக்கும் கருப்புக் கோட்டிங் தனிக் கதை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.