ஓடும் ஓட்டும்

ஆங்கிலத்தில் நீளமான சொற்களைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. காண்டாமிருகத்துக்கு அந்த மொழியில் எத்தனை எழுத்து இருந்தாலும் அது காண்டாமிருகம்தான், வேறெதுவும் ஆகிவிடாது. ஆளை மிரட்டுபவை எல்லாம் மூன்றெழுத்து, நான்கெழுத்து வினைச்சொற்கள். 'ரன்', 'செட்', 'டேக்', 'கெட்' - பார்ப்பதற்குப் பரம சாது. அகராதியைத் திறந்தால் விசுவரூபம்.

டாக்டர் ஜான்சனே இவற்றிடம் தவித்துப் போயிருக்கிறார். 1755-ல் அவர் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில் இப்படிப்பட்ட வினைச்சொற்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியிருக்கிறார். பேசுகிறவர்கள் வாயில் கணத்துக்குக் கணம் பொருள் மாறும் இவற்றை எப்படிப் பிடித்துக் கட்டுவது என்று முறையிடுகிறார். ஆனாலும் 'டேக்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 134 பொருள் எழுதிவிட்டுத்தான் பேனாவைக் கீழே வைத்தார்.

பிறகு ஆக்ஸ்போர்டு அகராதி வந்தது. 1884-ல் முதல் பகுதி, 1928-ல் கடைசிப் பகுதி. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு 430 பொருள், ஏறக்குறைய 60,000 சொற்களில் விளக்கம். என் நாவல்களில் சில அதைவிடச் சிறியவை! ஆனால் அந்தப் பெருமையும் நிலைக்கவில்லை. மூன்றாம் பதிப்புக்காகப் பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் ஒன்பது மாதம் உட்கார்ந்து 'ரன்' என்ற வினையைத் திருத்தி எழுதினார். 645 பொருள் தேறியது.

இதையெல்லாம் படித்து வியந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு காரியமாகக் கறம்பக்குடிக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் ஒரு பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆங்கிலப் பரீட்சைத் தாளில், ஒருவன் கடை நடத்துவதாக 'ரன்' போட்டு வந்த வாக்கியத்தை, "அவன் கடையை விட்டு ஓடினான்" என்று மொழிபெயர்த்துவிட்டானாம். மதிப்பெண் போனது போகட்டும். வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். "இங்கிலீஷு நமக்கு வராதுங்க சார். பத்தாவதோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைப் பொருள் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு அவனைப் பார்த்துச் சிரிப்பானேன்?

"இங்கே பேசுகிறதைக் கொஞ்சம் கேள், தம்பி" என்றேன். "ஆலங்குடி வண்டி இன்னிக்கு ஓடுதா?" என்று ஒருவர் விசாரித்தார். ஒரு விவசாயி, கஜா புயலின்போது - அது 2018 நவம்பரில் - நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் மோட்டார் ஓடாததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்றார். கூடையோடு வந்த ஓர் ஆச்சி, "பொழப்பு என்னமோ ஓடுது" என்றாள். கடைக்காரரோ, "யாவாரம் எங்கே ஓடுது? ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். பையன் நிமிர்ந்து பார்த்தான். இவர்களில் யாரும் காலால் ஓடவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

கடைக்காரர் சொன்ன கடைசி வார்த்தையில்தான் சரித்திரமே இருக்கிறது. நமக்கு ஓடு வேறு, ஓட்டு வேறு. வண்டி ஓடுகிறது, ஓட்டுநர் அதை ஓட்டுகிறார். தன்வினை, பிறவினை என்று இலக்கண வகுப்பில் உருப்போட்டதுதான். பழைய ஆங்கிலத்திலும் அப்படி இரண்டு சொற்கள் இருந்தன. தானாக ஓடுவதற்கு 'ரின்னன்', ஓடச் செய்வதற்கு 'ஆர்னன்'. காலப்போக்கில் இரண்டும் கலந்து 'ரன்' என்று ஒன்றாகிவிட்டன. ஆகவே அந்த ஒற்றைச் சொல் நம்முடைய ஓடு, ஓட்டு இரண்டின் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறது. கடையை 'ரன்' பண்ணுகிறவன் கடையை ஓட்டுகிறவன்தான். "வியாபாரத்தை ஓட்டுகிறான்" என்று நாம் சொல்வதில்லையா? பையன் ஓர் எழுத்தைத்தான் தவறவிட்டிருக்கிறான்!

இப்படிக் கலந்துவிடாமல் தப்பிய ஜோடிகளும் அங்கே உண்டு. 'சிட்' என்றால் அமர். 'செட்' என்றால் அமர்த்து. 'லை' என்றால் கிட. 'லே' என்றால் கிடத்து. 'ஃபால்' என்றால் விழு. மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு 'ஃபெல்'. புயலில் விழுந்த தென்னையையும் கோடரியால் வீழ்த்திய தென்னையையும் வேறுபடுத்திச் சொல்ல நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

'செட்'டை 'ரன்' முந்தியதற்குக் காரணம் யந்திரங்கள் என்பது என் எண்ணம். கடிகாரம், ரயில், தறி, மோட்டார், கடைசியில் கம்ப்யூட்டர் - புதிதாக வந்த ஒவ்வொன்றும் ஓடத்தான் செய்தது. நம் ஓடுவும் அதே பாதையில்தான் போயிருக்கிறது. படம்கூட நூறு நாள் ஓடுகிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நாம் ஓட மறுத்துவிட்டோம். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் 'ஓடுகிறார்'. இங்கிலாந்தில் 'நிற்கிறார்'. நம் ஊரிலும் நிற்கத்தான் செய்கிறார். ஓடுகிறவர்கள் அவருக்காக ஓட்டுக் கேட்கிறவர்கள்.

இதைச் சொன்னபோது டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். புறப்படும்போது, "'கெட்'டுன்னா என்ன சார்?" என்று கேட்டான். பட்டுக்கோட்டை பஸ் வந்துவிட்டபடியால் அதற்கு நான் பதில் சொல்ல முடியவில்லை.