மீன், பூச்சி, பட்டியல்

திமிங்கிலம் மீன் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து வீட்டில் சொன்னபோது, 'தண்ணியிலதானே கெடக்கு, அப்புறம் என்னவாம்?' என்றார் பாட்டி. 1818இல் நியூயார்க் ஜூரிகளும் இதையேதான் சொன்னார்கள். மீன் எண்ணெய்ப் பீப்பாய்களைச் சோதிக்கும் ஜேம்ஸ் மாரிஸுக்குக் கட்டணம் தர சாமுவேல் ஜட் என்ற வியாபாரி மறுத்தார். திமிங்கில எண்ணெய் மீன் எண்ணெய் ஆகாது என்பது அவர் கட்சி. லின்னேயஸ் 1758இலேயே திமிங்கிலத்தைப் பாலூட்டிகளோடு சேர்த்தாயிற்று. சாமுவேல் மிட்சில் என்ற அறிஞர் கூண்டேறி அதை விளக்கியும் பார்த்தார். எடுபடவில்லை. கால் மணி நேரத்தில் தீர்ப்பு: திமிங்கிலம் மீன்தான், 75 டாலர் கட்டு. ஃபூக்கோவை இழுக்காமலே விஷயம் புரிகிறது. யார் யாருக்குக் காசு தரவேண்டும் என்பதும் வகைப்பாட்டுக்குள் இருக்கிறது.

அதே 1758 நூலில் சிலந்தி பூச்சிகளோடு கிடந்தது. பிற்பாடு லமார்க் அதைத் தனியே பிரித்தபோது எந்தக் கோர்ட்டும் கூடவில்லை. சிலந்தியில் எண்ணெய் ஏது?

எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது குத்தியின் நீல டரன்டுலா. அன்றைய சென்னை மாகாணத்து குத்தியில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒற்றைச் சிலந்தியை வைத்து 1899இல் போகாக் பெயரிட்டார். அப்புறம் நூறு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2001இல் அகப்பட்டது குத்தியில் அல்ல, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில். ரயிலேற்றிய மரத்தோடு அது குத்திக்கு வந்திருக்கலாம் என்கிறார்கள். அதாவது காலனிய ஆவணம் பதிந்துவைத்தது சிலந்தியின் வீட்டை அல்ல, சரக்கு இறங்கிய இடத்தை.

ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் நீலத் திமிங்கிலம் 'அழியும் ஆபத்தில்'. இந்தச் சிலந்தி, 2008 மதிப்பீட்டின்படி, அதைவிட ஒரு படி மோசம். (அண்டார்ட்டிக்கின் நீலத் திமிங்கிலக் கிளையினம் மட்டும் சிலந்தியின் படியிலேயே நிற்கிறது.) ஒரே ஏணி, ஆனால் ஏற்றிவைத்த அளவுகோல் வேறு. தென்கடல்களில் 20ஆம் நூற்றாண்டில் 3 லட்சத்துக்கும் மேல் நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன என்று நமக்குத் தெரிவது கொன்றவர்களின் பேரேட்டிலிருந்துதான். அதிலும் சோவியத் கப்பல்கள் எழுதிய பொய்க்கணக்கைப் பின்னால் திருத்த வேண்டியிருந்தது. சிலந்தியை யாரும் எண்ணவே இல்லை. அதற்குக் கிடைத்த அளவு, 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த, வெட்டுப்படும் காடு.

பொயிசிலோதீரியா இனம் முழுக்க சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது 2019இல்தான். அதற்குள் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் கண்ணாடிப் பெட்டிகளில் அது குட்டி போட்டுப் பெருகிவிட்டிருந்தது. சிவப்புப் பட்டியல் அவற்றைச் சேர்ப்பதில்லை.