முள்ளெலி முட்டையும் ஆன்மாவும்

முட்டத்துப் பாறை இடுக்குகளில் முள் போர்த்த சிறு கடலுயிர் ஒன்று ஒட்டிக்கிடப்பதை நம் கடற்கரை மக்கள் அறிவர், மிதித்தவர் மறக்கமாட்டார். கடல் முள்ளெலி என்பது அதன் பாடநூற் பெயர். ஆன்மாவைப் பற்றிய பெரும் வழக்கொன்று இதன் முட்டையிலிருந்து எழுந்தது.

ஹான்ஸ் டிரீஷ் 1867-இல் ஜெர்மனியில் பிறந்தவர். உயிரை இயற்கை விதிகளாலேயே முற்றிலும் விளக்கலாம் என முழங்கிய எர்ன்ஸ்ட் ஹெக்கலின் மாணவர். 1888-இல் வில்ஹெல்ம் ரூ என்பவர், இரு செல்களாகப் பிரிந்த தவளை முட்டையில் ஒன்றைச் சூடேற்றிய ஊசியால் கொன்றார். மற்றது பாதிக் கருவாகவே வளர்ந்தது. உயிரும் ஓர் இயந்திரமே என்போர்க்கு நல்ல சான்று. 1891-இல் திரியேஸ்தே நகரில் டிரீஷ் முள்ளெலி முட்டையை எடுத்தார். இரு செல் நிலையில் அதைக் கடல்நீரில் குலுக்கிச் செல்களைத் தனித்தனியாக்கினார். பாதி உருவங்களை எதிர்பார்த்தவர் கண்டதோ, அளவில் சிறுத்த, ஆனால் குறைவேதுமற்ற முழு உருவங்கள்!

வெட்டிய கடிகாரம் இரண்டு கடிகாரங்களாவதில்லை. ஆகவே உயிரை அதன் முழுமைக்கு நடத்திச் செல்லும், பருப்பொருளல்லாத ஒன்று உண்டென அவர் முடிவுசெய்தார். அரிஸ்டாட்டிலின் சொல்லால் அதற்கு 'என்டெலெக்கி' எனப் பெயரிட்டார். 1907, 1908 ஆண்டுகளில் அபர்தீனில் ஆற்றிய கிஃபோர்டு சொற்பொழிவுகளில் அதனை விரித்துரைத்தார்.

கத்தோலிக்கர் பலர் மகிழ்ந்தனர். 1906-இல் திருமுழுக்குப் பெற்ற மெய்யியலார் ழாக் மரித்தேன், ஹைடல்பெர்க் சென்று டிரீஷிடமே உயிரியல் பயின்றார். எங்கள் குருத்துவக் கல்லூரி வகுப்பிலும் இச்சோதனை ஆன்மாவுக்குச் சான்றாகச் சொல்லப்பட்டது. நானும் ஒருமுறை மறையுரையில் கையாண்டேன். இன்று செய்யமாட்டேன்.

1924-இல் ஸ்பீமனும் ஹில்டே மங்கோல்டும், கருவின் ஒரு சிறு பகுதியை வேறொரு கருவில் ஒட்டினால் அது அங்கே இரண்டாம் உடலையே உருவாக்கத் தூண்டும் எனக் காட்டினர். பின்னர் மரபணுக்களும் செல்களிடையே செல்லும் வேதிச் செய்திகளும் தெரியவந்தன. டிரீஷ் கண்ட உண்மை நிலைத்தது. அவர் தந்த விளக்கம் உதிர்ந்தது. அறிவு எட்டாத இடைவெளியில் நாம் ஆன்மாவைக் குடிவைத்தால், இடைவெளி அடைபடும் நாளில் அது வீடிழந்து நிற்கும். வள்ளத்தில் ஏறியமர்ந்த துடுப்புக்காரனைப் போன்றதன்று ஆன்மா என்பதைப் புனித தாமஸ் அக்குவினாஸ் அன்றே தெளிவாக்கினார். ஆன்மா உடலின் உருவமே என 1312-இல் வியன் பொதுச்சங்கமும் கற்பித்தது. நம் வீட்டிலிருந்த செல்வத்தை மறந்து, கடன் வாங்கப் போயிருந்தோம்.

ஆயினும் டிரீஷை எள்ளி நகையாட மனம் வரவில்லை. உயிரின் முழுமை பற்றிய பேச்சைச் சர்வாதிகார அரசுக்குத் துணையாக்கச் சிலர் முனைந்தபோது, என்டெலெக்கி நாட்டெல்லை அறியாது என்றார் அவர். போரை எதிர்த்தவர், யூதரிடம் பரிவு காட்டியவர். 1933-இல் நாசி ஆட்சி அவரை லைப்சிக் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து கட்டாய ஓய்வில் அனுப்பியது. அந்நகரிலேயே 1941-இல் அவர் மறைந்தார்.