ஏழு நாய்களின் சாட்சி

குலவரலாறு தேடுகிறவருக்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும், பாட்டியின் பக்கத்தில் உட்காரப் பொறுமையும். அப்புறந்தான் வீட்டுப் பத்திரங்கள், எழும்பூர் ஆவணக் காப்பகம், 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் எல்லாம்.

ஜவ்வாது மலைவாசிகளான மலையாளிகளின் பூர்வ கதை ஒன்றைத் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். வேடர்கள் கவர்ந்துபோன பெண்களை மீட்க, காஞ்சிபுரத்து வேளாளர் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டார்களாம். நாய்கள் தனியே திரும்பினால் தாங்கள் இறந்ததாகக் கொள்ளும்படி மனைவியரிடம் சொல்லியிருந்தார்கள். பாலாற்றில் வெள்ளம், பாதி நீந்திய நாய்கள் வீடு திரும்பின. கருமாதியும் நடந்துவிட்டது. உயிரோடு வந்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடர் பெண்களை மணந்து மலையேறினார்கள்.

கதையோ, நடந்ததோ! ஒற்றைச் சாட்சியை நம்பினால், உயிரோடிருப்பவருக்கும் எள்ளுந் தண்ணீரும் இறைத்துவிடுவோம். ஆகவே பாட்டி சொன்னதைப் பத்திரத்தோடும், பத்திரம் சொல்வதைப் பாட்டியோடும் ஒத்துப் பாருங்கள். பத்திரம் காத்திருக்கும், பாட்டியிடம் இன்றே போங்கள்.