எழுத அஞ்சிய புனிதர்

'என் எழுத்து முனைவர் பட்டத்திற்குத் தகுமா?' என்னும் கேள்வி ஆய்வு மாணவர் பலருடைய உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதராக அறிவித்த எடித் ஸ்டைனும் இவ்வேதனையை அனுபவித்தவரே.

1891-இல் பிரெஸ்லாவ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், இளமையிலேயே இறைவேண்டலைக் கைவிட்டு, அறிவையே துணையாகக் கொண்டார். 1913-இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்திற்கு வந்து, மெய்யியல் பேராசிரியர் எட்மண்ட் ஹுசர்லிடம் பயின்றார். பிறருடைய உள்ளத்தின் நிலையை நாம் எவ்வாறு உணர்ந்துகொள்கிறோம் என்னும் 'ஒத்துணர்வு' பற்றிய கேள்வியே அவர் தேர்ந்துகொண்ட ஆய்வுப்பொருள்.

அவ்வாண்டின் குளிர்காலம் அவருக்குப் பெரும் சோதனைக் காலமாயிற்று. நூல்களைக் குவித்துவைத்துப் படித்தார்; படிக்கப் படிக்கத் தெளிவு விலகிச் சென்றது. உறக்கமும் அவரை விட்டகன்றது. மன உறுதியால் எதையும் வெல்லலாம் என்று நம்பியிருந்தவர், அதனால் மட்டும் வெல்ல இயலாத ஒன்றை முதன்முறையாகச் சந்தித்தார். சாலையைக் கடக்கும்போது வண்டி ஏதேனும் தம்மீது ஏறிவிடாதா என எண்ணும் அளவுக்கு மனம் சோர்ந்திருந்ததைப் பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் ஒளிவின்றி எழுதியிருக்கிறார்.

அந்நிலையில் அவர் நாடிச் சென்றது, அங்கே கற்பித்துவந்த அடால்ஃப் ரைனாக் என்னும் இளம் ஆசிரியரை. ரைனாக் பொறுமையோடு கேட்டார். எழுதத் தொடங்குமாறு ஊக்கினார். எழுதியவற்றை எடித் கொண்டுவந்தபோது, அவற்றைப் படித்து நன்றென்றார். மீதியையும் அவ்வாறே படித்தார். அச்சந்திப்புகளுக்குப் பின் தாம் புதிதாய்ப் பிறந்தது போல் உணர்ந்ததாக எடித் குறிப்பிடுகிறார்.

போர் மூண்டது. 1915-இல் தொற்றுநோய் மருத்துவமனையொன்றில் போர்வீரர்க்குப் பணிவிடை செய்தார். பின்னர் ஆய்வேட்டை முடித்து, 1916 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஃபிரைபூர்க் பல்கலைக்கழகத்தில் மிக உயர்ந்த தகுதியுடன் முனைவர் பட்டம் பெற்றார். தகுமோ என்று அஞ்சிய எழுத்துக்குக் கிடைத்த தீர்ப்பு அது!

அடுத்த ஆண்டு நவம்பரில் ரைனாக் போர்க்களத்தில் மாண்டார். அவர் விட்டுச்சென்ற எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் பணி எடித்திடம் வந்தது. துயருற்ற மனைவிக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தயங்கிச் சென்றவர், கிறிஸ்துவின் சிலுவையைப் பற்றிக்கொண்டு நிலைத்து நின்ற ஒரு பெண்ணைக் கண்டார். சிலுவையின் ஆற்றலோடு தமக்கு நேர்ந்த முதல் சந்திப்பு அதுவே என்று பின்னர் கூறினார். 1922 சனவரி முதல் நாள் திருமுழுக்குப் பெற்றார். 1933-இல் கார்மேல் மடம் புகுந்தார். 1942 ஆகஸ்டு 9-ஆம் நாள் அவுஷ்விட்சு வதைமுகாமில் உயிர் நீத்தார்.

அன்பர்களே, ஒத்துணர்வை ஆராய்ந்தவருக்கு அதனை வாழ்ந்து காட்டியவர் ரைனாக். தன் எழுத்தைத் தானே எடைபோடும் மனம் எப்போதும் நேர்மையான நீதிபதி அன்று. அச்சமும் சில வேளைகளில் மறைவான தன்முனைப்பும் அதன் தராசைச் சாய்த்துவிடும். வேறொருவர் கையில் தாளைக் கொடுப்பதற்குத் தாழ்ச்சி வேண்டும். அதைப் பொறுமையோடு படிப்பதற்கு அன்பு வேண்டும்.

நம் இல்லத்திலும் ஆய்வேட்டோடு போராடும் மகனோ மகளோ இருக்கக்கூடும். "எப்போது முடிப்பாய்?" என்று கேட்பதை விடுத்து, "எழுதியவரை எனக்குப் படித்துக் காட்டு" என்று ஒரு மாலையேனும் அருகில் அமர்வோம். நமக்கு முழுதும் விளங்காமற்போகலாம். ஆயினும் தனிமையில் இருந்தவருக்கு ஒரு துணை கிடைத்திருக்கும்.