தாய்–சேய் ஆர்எச் இரத்தப் பொருத்தமின்மை: ஒரு வரலாறு

தாயின் இரத்தம் ஆர்எச் நெகட்டிவாகவும், வயிற்றிலுள்ள குழந்தையின் இரத்தம் ஆர்எச் பாசிட்டிவாகவும் அமையும்போது உண்டாகக்கூடிய சிக்கல் ஆர்எச் பொருத்தமின்மை எனப்படுகிறது. முதல் குழந்தை பெரும்பாலும் நலமாகப் பிறந்துவிடும். அடுத்தடுத்த குழந்தைகளே பாதிக்கப்படும். அதனால் காரணம் தெரியாத காலத்தில் இது ஒரு புதிராகவே இருந்தது. மூத்த பிள்ளை நலமாக வளர, பின்னால் வந்தவை வயிற்றிலேயே இறந்தன. அல்லது கடுமையான மஞ்சள் காமாலையோடு பிறந்து சில நாட்களில் மறைந்தன. பழி பெரும்பாலும் தாயின் மீதும் அவள் ஜாதகத்தின் மீதும் விழுந்தது.

நோய் உண்டாகும் விதம்

சிவப்பணுக்களின் மேற்பரப்பில் 'டி' என்னும் ஆன்டிஜென் இருந்தால் அந்த இரத்தம் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகட்டிவ். ஐரோப்பியரில் சுமார் 15 விழுக்காட்டினரும், இந்தியாவில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரும் நெகட்டிவ் வகையினர். தந்தை பாசிட்டிவாக இருந்தால் குழந்தையும் பாசிட்டிவாக அமையக்கூடும். தாய், தந்தை இருவருமே நெகட்டிவ் என்றால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. ஆனால் பிரசவத்தின்போது, நச்சுக்கொடி பிரியும் வேளையில், குழந்தையின் இரத்தம் சிறிதளவு தாயின் உடலுக்குள் சென்றுவிடுகிறது. தாயின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அதற்குள் முதல் குழந்தை பிறந்துவிடுவதால் அது தப்பிவிடுகிறது. அடுத்த கர்ப்பத்தில் அந்த எதிர்ப்பொருள் நச்சுக்கொடியைக் கடந்து சென்று குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. மேல்நிலை வகுப்பு உயிரியல் பாடத்தில் வரும் 'எரித்ரோபிளாஸ்டோசிஸ் ஃபீடாலிஸ்' இந்த நிலையே.

புதிர் அவிழ்ந்த கதை

1939-இல் பிலிப் லெவின், ரூபஸ் ஸ்டெட்சன் இருவரும் ஒரு தாயைப் பற்றி எழுதினர். குழந்தை இறந்து பிறந்தபின் அவருக்குக் கணவரின் இரத்தம் ஏற்றப்பட்டது. இருவருக்கும் 'ஓ' வகை இரத்தமே. ஆயினும் அவர் உடலில் கடும் எதிர்விளைவு ஏற்பட்டது. அதுவரை அறியப்படாத ஒரு பொருள், தந்தையிடமிருந்து குழந்தைக்கு வந்து, தாயின் உடலைத் தூண்டியிருக்கிறது என்று அவர்கள் கருதினர்.

ஏ, பி, ஓ இரத்த வகைகளைக் கண்டறிந்து 1930-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் லேண்ட்ஸ்டைனர், அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து 1940-இல் அடுத்த அடியை வைத்தார். ரீசஸ் குரங்கின் சிவப்பணுக்களை முயல்களுக்குச் செலுத்தி நடத்திய ஆய்விலிருந்தே 'ஆர்எச்' என்ற பெயர் வந்தது. 1941-இல் லெவின் குழுவினர், குழந்தைகளைக் கொல்லும் அந்த நோய்க்கு இதுவே காரணம் என்று நிறுவினர். தாயின் மீதான பழி அறிவியல் அளவில் அத்துடன் நீங்கியது.

காரணம் தெரிந்த பின்னும் தடுக்க வழியில்லை. பிறந்த குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு மாற்று இரத்தம் செலுத்தும் முறை 1940களில் பரவியது. 1963-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி, தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கே இரத்தம் ஏற்றிக் காட்டினார்.

தடுப்பு ஊசி

தாயின் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கும் முன்பே, வெளியிலிருந்து அதே எதிர்ப்பொருளைச் சிறிதளவு செலுத்தினால் என்ன? அது குழந்தையின் சிவப்பணுக்களை முந்திக்கொண்டு நீக்கிவிடும். தாயின் உடல் விழித்துக்கொள்ளாது. இங்கிலாந்தின் லிவர்பூலில் ரொனால்ட் ஃபின், சிரில் கிளார்க் ஆகியோரும், நியூயார்க்கில் வின்சென்ட் ஃப்ரீடா, ஜான் கோர்மன், வில்லியம் பொல்லாக் ஆகியோரும் 1960களில் தனித்தனியே இதை மெய்ப்பித்தனர். 1968-இல் 'ஆன்டி-டி' ஊசி அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இம்மருந்துக்கான மூலப்பொருள் மனித இரத்தத்திலிருந்தே பெறப்பட்டது. ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஹாரிசனின் இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தது. தம் 14-ஆம் வயதில் அறுவை சிகிச்சைக்காகப் பிறரின் இரத்தத்தைப் பெற்றவர் அவர். 2018 வரை 1,173 முறை தானம் செய்து, 2025-இல் காலமானார்.

ஊசி இல்லாத நிலையில், இத்தகைய பிரசவத்துக்குப் பின் 100 தாய்மாரில் சுமார் 16 பேருக்கு எதிர்ப்பொருள் உருவாகும். பிரசவம் முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் இது 2-க்கும் கீழே குறைகிறது. 28-ஆம் வாரத்திலும் ஒரு ஊசி போட்டால் மேலும் குறைகிறது. கருச்சிதைவு, கருக்கலைப்பு ஆகியவற்றுக்குப் பிறகும் மருத்துவரிடம் இதைக் கேட்டறிய வேண்டும். எதிர்ப்பொருள் ஒருமுறை உருவாகிவிட்டால் ஊசியால் பயனில்லை.

தாம்பரம் பகுதியும் தலைப்பிரசவமும்

சென்னையின் தென்புறநகர் மக்களுக்குப் பெரிய பிரசவ மருத்துவமனை நெடுங்காலமாக எழும்பூரில்தான் இருந்தது. 1844-இல் தொடங்கப்பட்ட அரசு மகப்பேறு மருத்துவமனை அது. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், அந்தப் பாதையிலேயே எழும்பூர் நிலையமும் அமைந்தது வசதியாயிற்று. இன்று குரோம்பேட்டை அரசு மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அருகிலேயே உள்ளன. 2016 முதல் நாடெங்கும் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகளுக்கான இலவசப் பரிசோதனையில் இரத்த வகையும் பார்க்கப்படுகிறது.

ஆனால் இப்பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தாம்பரம், பல்லாவரம், பெருங்களத்தூர் ஆகிய ஊர்களில் வாழும் குடும்பங்களில் பல, தென்மாவட்டங்களிலிருந்து வந்தவை. பெயர்ப்பதிவும் முதல் பரிசோதனைகளும் இங்கே நடக்கும். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். 28-ஆம் வாரம் வருவதும் அந்த ஏழாம் மாதத்தில்தான். 72 மணி நேரக் கெடுவோ வேறொரு ஊரின் மருத்துவமனையில், புதிய மருத்துவர்கள் முன்னிலையில் ஓடுகிறது.

எனவே நெகட்டிவ் வகைத் தாய் ஊருக்குப் புறப்படும்போது வளையல்களோடு தாய்–சேய் அட்டையும் கட்டாயம் உடன் செல்ல வேண்டும். அதில் இரத்த வகையும், கணவரின் இரத்த வகையும், கூம்ஸ் சோதனை முடிவும், ஊசி போட்ட தேதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குழந்தை பிறந்தவுடன் அதன் இரத்த வகையைக் கேட்டறிவது குடும்பத்தாரின் பொறுப்பு. முதல் குழந்தை நலமாகப் பிறந்த மகிழ்ச்சியில் மறந்துபோகும் இந்த ஊசி, இரண்டாம் குழந்தையின் உயிரைக் காப்பது.